பராதிப் புத்தகத்தில் ஒரு சேலை

சட்டைகள் பறந்ததுதான் முதலில் ஞாபகம் வருகிறது. வலி ஞாபகத்தில் இல்லை. சத்தமும் இல்லை. ஒரு வெள்ளைச் சட்டை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என் தலைக்கு மேலே அவசரமே இல்லாமல் போனது. அதன் பின்னால் ஒரு நீலச் சட்டை. அப்புறம் ஒரு பச்சைப் பட்டுச்சேலை மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, தூறலில் நனைந்தபடி மெல்ல இறங்கியது. நான் ரோட்டில் மல்லாந்து கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அடப்பாவி, இப்பத்தானே மடிச்சு வச்சேன்' என்று நினைத்தேன். கை ஒடிந்து கிடக்கிறவள் நினைக்கிற நினைப்பா அது?

நான் கனவு காணுகிற ஆள் இல்லை. விடிந்ததும் சிரட்டைக் கரியைப் பற்றவைத்து, பெட்டியில் போட்டு, இருட்டும் வரைக்கும் நின்றுகொண்டே துணி தேய்க்கிறவளுக்குக் கனவு எங்கிருந்து வரும்? படுத்தால் கட்டை மாதிரிக் கிடப்பேன். அந்தக் காலைக்கு அப்புறம்தான் எனக்குக் கனவே வர ஆரம்பித்தது. பகலிலும் வந்தது. இப்போதும் வருகிறது. அதனால் இதில் எது நடந்தது, எது மருந்து மயக்கத்தில் பார்த்தது என்று சில இடங்களில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் கார் என்னை இடித்தது நடந்தது. அதில் சந்தேகம் இல்லை.

மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில் பைபாஸை விட்டு உள்ளே திரும்பினால் எட்டு மாடி ஃப்ளாட் ஒன்று இருக்கிறது. அதன் வாசலுக்கு இடது பக்கம், மதிலை ஒட்டி எங்கள் தள்ளுவண்டி. நானும் என் வீட்டுக்காரரும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து அந்த இடத்தில் பதினோரு வருஷம் நின்றிருந்தோம். நான் தேய்ப்பேன். அவர் மாடி ஏறித் துணி வாங்கி வருவார், கொண்டுபோய்க் கொடுப்பார்.

அங்கே யார் பெயரும் எங்களுக்குத் தெரியாது. வீட்டு நம்பர்தான் பெயர். நாலு சி என்றால் கஞ்சி போட்ட வேட்டி. ஐந்து டி என்றால் இங்க் கறை படிந்த ஸ்கூல் யூனிஃபார்ம். இரண்டு டி ஒரு வக்கீலம்மா, வாரம் ஒரு கறுப்பு அங்கி வரும். மூன்று ஏ ரிட்டயர் ஆன டீச்சர். பட்டுச்சேலை தவிர வேறு எதையும் வெளியே தேய்க்கக் கொடுக்க மாட்டார். கொடுத்தாலும், மூன்றாவது மாடி பால்கனியில் நின்று நான் தேய்க்கிறதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு அந்த அம்மாவைக் கண்டாலே ஆகாது.

ஏழு பி தனி ஆள். கம்ப்யூட்டர் கம்பெனி. வாரத்துக்குப் பத்துச் சட்டை. முழுக்கை. கஃப்பில் இரட்டை மடிப்பு விழக்கூடாது என்பார். விழுந்ததே இல்லை. நான் தேய்த்த சட்டை அது.

அன்றைக்குக் காலை எட்டு மணி தாண்டியிருந்தது. மிதுன மாசத்துத் தூறல், நம்ம ஆனி. வண்டிக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தோம். கீழ்த்தளத்து பார்க்கிங்கிலிருந்து மேலே ஏறிவரும் சரிவில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஏழு பி. போன் காதில் இருந்தது. ரோட்டில் ஏறியதும் வலது பக்கம் திரும்ப வேண்டிய கார், இடது பக்கம் ஒடிந்து எங்கள் வண்டியில் வந்து மோதியது. வண்டி என் மேல் சாய்ந்தது. இஸ்திரிப் பெட்டி திறந்து கங்கு முழுக்க ஈரத் தரையில் கொட்டி, உஸ்ஸென்று ஆவி எழுந்தது. அந்த ஆவிக்குள்ளேதான் சட்டைகள் பறந்தன.

ஏழு பி இறங்கி ஓடி வந்தார். என்னைத் தூக்கித் தன் காரிலேயே பின் சீட்டில் படுக்கவைத்தார். என் வீட்டுக்காரர் மேலே எட்டாவது மாடியில் துணி வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. கார் ஆஸ்பத்திரிக்குப் போனது. கண்ணாடியில் மழைத்துளி ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடியது. எனக்கு நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், மெத்தை சீட்டு, ஏசி, தாலாட்டு மாதிரி ஒரு குலுக்கல். பதினோரு வருஷத்தில் காலை எட்டரைக்கு நான் படுத்திருந்தது அன்றைக்குத்தான்.

அவர் ஓட்டிக்கொண்டே அழுதார்.

"அக்கா, கேஸ் ஆக்கிடாதீங்க அக்கா. அடுத்த மாசம் எனக்கு விசா வருது. போலீஸ் பேப்பர் ஒண்ணு வந்தா எல்லாம் போச்சு. செலவு முழுக்க நான் நோக்கிக்கொள்ளாம், நான் பாத்துக்கறேன். சத்தியமா."

அவர் காலரில் என் ரத்தம் பட்டிருந்தது. முந்தின நாள் நான் தேய்த்துக் கொடுத்த இளமஞ்சள் சட்டை.

"சார், அதைப் பச்சைத் தண்ணியில ஊறப்போடுங்க. சுடுதண்ணி ஊத்திராதீங்க. கறை போகாது" என்றேன்.

அதற்கு அவர் இன்னும் அழுதார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எப்படி அடிபட்டது என்று. நான் ஏழு பி முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் இன்றைக்கும் தெளிவாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் மங்கிப்போனாலும். "வண்டி தள்ளும்போது வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். ஏழு பி மூச்சை விட்டார். அந்த மூச்சுச் சத்தமும் எனக்குக் கேட்டது.

அந்த ஒரு வரியால்தான் அதற்கப்புறம் நான் மூன்று வருஷம் அலைந்தேன்.

வலது தோளுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பிளேட் வைத்தார்கள். முழங்கையில் கங்கு சுட்ட புண். முதல் மூன்று நாள் ஆஸ்பத்திரிச் செலவை ஏழு பி கட்டினார். நாலாம் நாள் போன் அடித்தது, எடுக்கவில்லை. ஆறாம் நாள் அடிக்கவே இல்லை. மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார் என்று செக்யூரிட்டி சொன்னார்.

என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீடு என்றால் ஒரு அறை. மருந்து சாப்பிட்டால் கூரை தண்ணீர் மாதிரி அசையும். அந்தத் தண்ணீரில் சட்டைகள் மிதந்து வரும். காலர் இருக்கும், கழுத்து இருக்காது. ஒவ்வொன்றாக வந்து என் முன்னே மடிந்து அடுக்கிக்கொள்ளும். நான் கையைத் தூக்கி எடுக்கப் பார்ப்பேன். கை வராது.

அப்படி ஒரு மத்தியானம் மிதந்துகொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரர் ஒரு தாளோடு வந்து நின்றார். ஃப்ளாட் அசோசியேஷனில் கூப்பிட்டு அனுப்பிக் கொடுத்த தாள். ரோட்டில் விழுந்து கெட்டுப்போன துணிகளின் பட்டியல். பதினாலு உருப்படி.

"என்ன இது?"

"நாம குடுக்கணுமாம். கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்தாப் போதும்னு செக்ரட்டரி சொன்னாரு. நல்ல மனுசன்."

"நீரு என்ன சொன்னீரு?"

"சரின்னேன்."

"கும்பிடு வேற போட்டிருப்பீரே."

முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போட்டிருக்கிறார்.

"என் கை போச்சு. அதுக்கு யாரும் பட்டியல் போடல. அவங்களுக்குச் சேலை போச்சாம், வேட்டி போச்சாம். இடிச்சது நானா?"

"ஏட்டி, மெள்ளப் பேசு. நாளைக்கு அந்த வாசல்லதான நிக்கணும்."

அதுதான் அவர் பயம். அந்த வாசலை விட்டால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு வந்த கோபத்தில், நல்ல கை இருந்திருந்தால் அந்தத் தாளை அவர் வாயில் திணித்திருப்பேன். இடது கையால் தாளைக் கசக்கத்தான் முடிந்தது. அதுவும் சரியாகக் கசங்கவில்லை.

மற்ற பதிமூன்று வீட்டுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கப் போனார். சிலர் வேண்டாம் என்றார்கள். மூன்று ஏ டீச்சர் மட்டும் தவணைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலையாம். முழு விலையும் ஒரே தடவையில் வேண்டுமாம். வாரம் ஒரு தடவை செக்யூரிட்டி வழியாகக் கேட்டு விட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டு டி வக்கீலம்மாதான் முதலில் விஷயத்தைக் கேட்டவர். அங்கி கொடுக்க வந்தவர், வண்டியில் என் வீட்டுக்காரர் மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் அறைக்கு வந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வழுக்கி விழுந்தேன் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தொரு மண்டத்தரம்! இப்படியா முட்டாள்தனம் பண்ணுவீங்க? அக்கா, அந்த ஆளு பாக்கெட்லேர்ந்து ஒரு பைசா போயிருக்காது. காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. தர வேண்டியது கம்பெனி. இது அவனுக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல."

எனக்கு அது தெரியாதுதான். ஆள் இடித்தால் ஆள்தான் தர வேண்டும் என்று நினைத்திருந்தேன். தெரிந்தவர் குடியைக் கெடுக்கக் கூடாது என்று பொய் சொன்னேன். கெட்டது என் குடி.

வக்கீலம்மா போலீசில் எழுதிக் கொடுத்தார். போலீஸ்காரர், விழுந்தேன் என்று சொன்னது நீதானே என்று கேட்டார். போனில் ஏழு பியைப் பிடித்து விசாரித்தார்களாம். அந்த அக்கா ரோட்டில் விழுந்து கிடந்தாங்க, பாவம் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் வெளிநாடு போய்விட்டார். எப்படியோ கேஸ் பதிவாகி, வஞ்சியூர் கோர்ட்டில் விபத்து நஷ்டஈட்டுக்கு மனு போட்டோம். கம்பெனி சொன்ன பதில் ஒன்றே ஒன்று. கார் இடிக்கவே இல்லை, இவளே டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள்.

"உங்க வாயால சொன்னது பேப்பர்ல கிடக்கு. அதை வெட்டணும்னா இன்னொரு பேப்பர் வேணும். அன்னைக்கே எழுதினதா இருக்கணும்" என்றார் வக்கீலம்மா.

அப்படி ஒன்றும் இல்லை. வாசல் கேமராவில் பழைய படம் பதினைந்து நாளில் அழிந்துவிடுமாம். செக்யூரிட்டி டீ குடிக்கப் போயிருந்தேன் என்றார். போயிருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் எட்டாவது மாடியில் இருந்தார். ஒரு வருஷம் இப்படியே போனது.

அந்த ஒரு வருஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மெடிக்கல் காலேஜில் தோளை அளக்கக் கூப்பிட்டார்கள். கையைத் தூக்கு என்றார்கள். தோள் மட்டம் வரை வந்தது, அதற்கு மேல் இல்லை. இன்னும் தூக்கு என்றார் ஒரு சின்ன டாக்டர். நடிக்கிறேன் என்று நினைத்தார் போல. "நீயே தூக்கிப் பாரு" என்று கையை அவர் முன்னால் நீட்டினேன். அவர் தூக்கினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் பேசாமல் எழுதிக் கொடுத்தார். மற்ற நாட்களில் நான் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரர் தேய்ப்பார். காலரில் சுருக்கம் விழும். சொன்னால் கோபப்படுவார். மத்தியானம் ஆள் நடமாட்டம் குறைந்து, சூடான பருத்தித் துணியின் மணம் எழும்போது எனக்குக் கண் செருகும். ரோடு ஆறு மாதிரி ஆகும். கார்கள் அதில் மிதந்து போகும். அந்த வெள்ளைக் காரும் சரிவில் ஏறி வரும். இந்தத் தடவை வலது பக்கம் திரும்பிப் போய்விடும். ஒரு சட்டைகூடப் பறக்காது. நான் கையைத் தூக்கி டாட்டா காட்டுவேன். முழுக்கத் தூக்குவேன். விழித்தால், வண்டியில் மோதிய சொட்டை அப்படியே இருக்கும்.

ஒருநாள் செக்யூரிட்டி மறுபடியும் வந்தார்.

"அக்கா, மூணு ஏ டீச்சர் கேட்டாங்க. சேலை காரியம் என்னாச்சு?"

எனக்குப் பொறுக்கவில்லை. காதில் கிடந்ததை அடகு வைத்தேன். டீச்சர் சொன்ன விலையை முழுசாக எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"இந்தாங்க டீச்சர். எண்ணிக்கோங்க. இனிமே ஆள் விட்டுக் கேக்காதீங்க."

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார். அப்புறம், "இங்கே வாங்கினா செரியாவாது. கீழே வா. பராதிப் புத்தகத்தில் நான் எழுதியிருக்கேன். தீர்ந்ததுன்னு எழுதிக் கோடு போடணும். இல்லேன்னா நாளைக்கு நீ தரலைன்னு ஆகும்" என்றார்.

பராதி என்றால் புகார். அந்த ஃப்ளாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வராவிட்டாலும், லிஃப்ட் நின்றாலும், மேல்வீட்டுக்காரன் செருப்புச் சத்தம் போட்டாலும் கீழே ஆபீஸில் இருக்கும் தடிப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். காரியம் தீர்ந்தால், எழுதினவரே வந்து குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. அது வீட்டுக்காரர்களின் புத்தகம். மதிலுக்கு வெளியே நிற்கிறவளுக்கு அதில் என்ன வேலை?

ஆபீஸில் டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். ஒரு முழுப் பக்கம். அச்சடித்த மாதிரி மலையாள எழுத்து. டீச்சர் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவைத் திறக்கிற நேரத்துக்குள் நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். பதினோரு வருஷம் பஸ் போர்டு படித்துப் படித்து வந்த மலையாளம்.

கார் இடித்த அன்றைய தேதி. காலை எட்டு பத்து. மழை. ஏழு பியின் வெள்ளைக் கார் கீழேயிருந்து வேகமாக ஏறி வந்து, மதிலோரம் நின்ற தேய்ப்பு வண்டியில் இடித்தது. தேய்க்கிற பெண் தெறித்து விழுந்து கை முறிந்தது. நான் தேய்க்கக் கொடுத்திருந்த பச்சைப் பட்டுச்சேலை ரோட்டில் விழ, அதன் மேல் காரின் முன்சக்கரம் ஏறியது. இதை நான் என் பால்கனியிலிருந்து கண்டேன். சேலையின் விலை இன்னது. கீழே கையெழுத்து.

"டீச்சர், கோடு போடாதீங்க."

"எந்தா?"

"கோடு போடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

"காசு தந்தாச்சில்லே? தந்தா கோடு போடணும்."

"அப்போ காசைத் திருப்பித் தாங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "கொள்ளாம்! நல்லாயிருக்கே! எறிஞ்ச மாதிரி காசைத் தந்தே, இப்போ திருப்பித் தாங்கிறே. என்னைக் களியாக்குறியா, கேலி பண்றியா?"

"இல்ல டீச்சர். கார் இடிச்சுதுன்னு உலகத்துல எழுதி வச்சிருக்கறது இது ஒண்ணுதான். கோடு போட்டா, பொய்யின்னு அடிச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க. எனக்குக் கேஸ் நடக்குது."

டீச்சர் கண்ணாடியை மறுபடி மாட்டித் தான் எழுதின பக்கத்தைப் பார்த்தார்.

"நான் இதை உனக்காக எழுதலை, கேட்டோ. என் சேலைக்காக எழுதினது."

"தெரியும்."

"பின்னே உன் கை முறிஞ்சதை ஏன் எழுதினேன்னு கேட்கமாட்டியா? பராதி எழுதினா காரணம், நேரம், இடம் எல்லாம் எழுதணும். பிள்ளைகளுக்கு முப்பத்திமூணு வருஷம் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்."

காசைத் திருப்பிக் கொடுத்தார். எண்ணிக் கொடுத்தார். "சேலைக் காசு வரணும். அது மறக்காதே" என்றார். சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார்.

வக்கீலம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "அக்கா, இது உங்களுக்கு எதிரா எழுதின பராதி. அதான் இதோட பலம். உங்க ஆளு எழுதியிருந்தா கம்பெனிக்காரன் சிரிப்பான்" என்றார்.

விசாரணைக்குப் போன அன்று என் வீட்டுக்காரர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அன்றைக்குப் பறந்துபோய் மதிலில் சிக்கி அழுக்குப் படாமல் தப்பித்த சட்டை. ஏழு பி கேட்கவே இல்லை. ஆணியில் தொங்கிக் கிடந்தது.

"அந்த ஆளு சட்டையைப் போட்டுக்கிட்டு அந்த ஆளு கேஸுக்கே வாரீரா? கழத்தும்."

"நல்ல சட்டைட்டி."

"கழத்தும்!"

கழற்றினார். கிழிந்த கையுள்ள தன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

கோர்ட்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் முழுக்க அந்த இடத்தைக் கனவில் பார்த்திருந்தேன். கனவில் பெஞ்சுகளில் ஆட்கள் இல்லை. சட்டைகள்தான் உட்கார்ந்திருந்தன, நான் தேய்த்த சட்டைகள், நிமிர்ந்து, பொத்தான் போட்டு. நேரில் பார்த்தால் அங்கே ஒரு அங்கியும் ஒழுங்காகத் தேய்த்தது இல்லை. கம்பெனி வக்கீலின் அங்கி முதுகில் கோணல் மடிப்பு. அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது.

"வழுக்கி விழுந்தேன்னு டாக்டர்கிட்டே சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்போ இப்போ சொல்றது பொய்யா, அன்னைக்குச் சொன்னது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னது பொய்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

இந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீலம்மா பத்துத் தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். எல்லாம் மறந்துபோனது.

"அவரு சட்டைய அஞ்சு வருசமாத் தேய்ச்சிருக்கேன் சார். எந்தப் பொத்தான் லூஸுன்னு எனக்குத் தெரியும். அவரு அழுதாரு. தெரிஞ்ச ஆளு அழுதா என்ன செய்வீங்க? நான் பொய் சொன்னேன். அதுக்காகக் கை முறிஞ்சது பொய்யாயிருமா?"

ஜட்ஜ் எழுதிக்கொண்டார். அவருக்குத் தமிழ் புரிந்தது. கம்பெனி வக்கீல் விடவில்லை. இடது கை நன்றாக இருக்கிறதே, அதனால் தேய்க்கலாமே என்றார்.

"சாரு இடது கையால ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் இடது கையால ஒரு சட்டை தேய்க்கேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் என்னைத் திட்டினார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்று. சரி என்றேன்.

அப்புறம் டீச்சர் கூண்டில் ஏறினார். சாதாரணப் பருத்திச் சேலை, அவரே தேய்த்தது, கொசுவத்தில் வரி பிசகியிருந்தது. பராதிப் புத்தகத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்றார்கள். ஆமாம் என்றார். கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"டீச்சர், உங்க சேலைக்குக் காசு கிடைச்சுதா?"

"இல்லை."

"இந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு கிடைச்சா உங்களுக்குச் சேலைக் காசு கிடைக்கும். அதுக்காகத்தானே இந்தச் சாட்சி?"

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார், ஹோம்வொர்க் செய்யாமல் வந்த பையனைப் பார்க்கிற மாதிரி.

"நான் அதை எழுதின அன்னைக்கு இவளுக்குக் கேஸ் இல்லை. எனக்குச் சேலை மட்டும்தான் இருந்தது. தேதி எழுதியிருக்கேன். வாசிக்கத் தெரியுமில்லே?"

சொல்லிவிட்டு இறங்கினார். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்.

தீர்ப்பு வர இன்னும் பல மாசம் ஆனது. வக்கீலம்மா வண்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினார். கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை. தேய்க்கிறவளுக்கு என்ன வருமானம் என்று காட்ட எந்தச் சீட்டும் கிடையாது, அதனால் அவர்களே ஒரு தொகையைப் போட்டுக்கொண்டார்களாம். அது அநியாயம். இப்போதும் சொல்கிறேன், அநியாயம். ஆனால் நடுவில் ஒரு இடத்தில், மனுதாரர் டாக்டரிடம் சொன்னது கார் ஓட்டியவரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது, கார் இடித்தே காயம் ஏற்பட்டது என்று இந்த நீதிமன்றம் நம்புகிறது என்று இருந்தது. அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். இன்னொரு தடவை என்றேன். அவருக்கு நேரமாகிவிட்டது, இருந்தாலும் வாசித்தார். என் வீட்டுக்காரர் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு சி வேட்டியில் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எடுத்தார்.

பணம் கைக்கு வந்த வாரம், நான் மூன்றாவது மாடிக்குப் போனேன். இந்தத் தடவை எறியவில்லை. டீச்சர் எண்ணி வாங்கிக்கொண்டு கீழே வந்தார். புத்தகத்தைத் திறந்தார். சிவப்புப் பேனாவால், ஸ்கேல் வைத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார். கோட்டுக்கு அடியில் எழுத்துகள் நன்றாகவே தெரிந்தன.

பிறகு பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து என்னிடம் நீட்டினார். பச்சைப் பட்டுச்சேலை.

"காசு வாங்கியாச்சு. இனி இது என்னோடதல்ல."

"எனக்கு எதுக்கு டீச்சர்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்த்துப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் ரோட்டில் ஆள் இல்லை. சிரட்டைக் கரி நிதானமாகக் கனன்றது. சேலையை வண்டி மேல் விரித்தேன். துவைத்திருந்தார்கள், ஆனாலும் முந்தானைக்குக் கீழே சக்கரத்தின் தடம் சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஓடியது. பெட்டியை இடது கையில் எடுத்தேன். கனத்தது. மெல்ல, ஒரு ஓரத்திலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தேன். கோணல்தான். நிறுத்தி நிறுத்தித் தேய்த்தேன். பட்டின் சூட்டில் எனக்கு மறுபடி அந்தக் காலை வந்தது. தூறல், ஆவி, தலைக்கு மேலே இந்தச் சேலை பிரிந்து பிரிந்து இறங்குவது. இந்தத் தடவை அது தரைக்கு வரவில்லை. வண்டி மேல் வந்து விழுந்து, என் கைக்கு அடியில் கிடந்தது.

என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து வெறும் கையோடு வந்தார். தேய்த்து மடித்த சேலையை எடுத்துப் பார்த்தார். தடத்தை விரலால் தடவினார். வழக்கம்போலக் கேட்டார்.

"இது எந்த வீட்டுக் கட்டுல வைக்க?"

"ஒரு கட்டுலயும் வைக்காண்டாம்" என்றேன். "அங்க வையும். நம்ம பையில."